ஆட்சேபணைக்கான கட்டம்

பாலு நகருக்குத் தெற்கே
அந்த வெள்ளிக்கிழமை கழிந்து நாலாம் மாதம்
அளவு நாடாவோடு போனேன்.
கையிலிருந்த வரைபடத்தில் தெருக்கள் நேராக ஓடின.
எதிரே தெருவே இல்லை.

நிலம் குலுங்கியது எல்லா ஊரிலும்தான்.
இங்கே குலுங்கியதோடு நிற்கவில்லை,
கஞ்சியாகி நடந்தது.
எங்கள் கைலி மொழியில் இதற்கென்றே ஒரு சொல் உண்டு:
நலோடோ. சேறு விழுங்குதல்.
சொல்லைப் பத்திரமாக வைத்திருந்தோம்.
அதன் மேலேயே வீடும் கட்டிக்கொண்டோம்.

மனை எண் 214. உரிமையாளர் நூர்ஹாய்தா.
வரைபடம் காட்டும் இடத்தில்
இப்போது தண்ணீர், ஒரு வாத்து.
வீடோ முந்நூற்று எண்பது மீட்டர் தள்ளி
யோரிஸின் சோளக்காட்டில்
கூரைத் தகரம்கூடக் கலையாமல் நிற்கிறது.
கூடவே வந்தவை:
ஒரு தென்னை, இரண்டு முருங்கை,
கொடியில் காய்ந்த பள்ளிச் சட்டை,
யாருடையதோ பாதி மோட்டார் சைக்கிள்.
அலமாரியில் கண்ணாடிக் குவளைகள்
ஆறும் ஆறாகவே.

முகாமிலிருந்து திரும்பி இரண்டு வாரமாயிற்றாம் அவள்.
ஈரத்தில் ஊதிப்போன பச்சை அட்டைப் பத்திரத்தை
மேசையில் விரித்தாள்.
"ஐயா, நான் வாங்கியது எதை?
இந்த மண்ணையா, அந்த இடத்தையா?
மண் என்னோடு வந்துவிட்டது.
இடம் வெறும் எண்தானே,
வானத்தில் சுற்றுகிற ஏதோ ஒன்று
உங்கள் பெட்டிக்குச் சொல்வது."

இருபத்திரண்டு வருஷம்
அசையாச் சொத்து, அசையாச் சொத்து என்றெழுதித்
தேய்ந்த பேனா என்னுடையது.
மூடியைத் திறந்தேன். மூடினேன்.
வெளியே தக்தீர் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தான்.
மூன்றாவது அடியில் குச்சி
தானாகவே உள்ளே போனது.

பிறகு யோரிஸ் வந்தான்.
காட்டுக்காரன் வந்தால் சண்டைதான் என்று
தக்தீர் நாடாவைச் சுருட்டத் தொடங்கினான்.
யோரிஸ் தொப்பியைக் கழற்றவில்லை, உட்காரவில்லை.
"வீட்டை எடுக்கப் போகிறீர்களா?"
சட்டப்படி என்று ஆரம்பித்தேன்.
"எடுக்காதீர்கள்."

"டமாரிஸ் அன்று சாயங்காலம்
மிளகாய் பறிக்க இறங்கினாள்.
பாங்கு சொல்லும் நேரம், கூடை கொஞ்சம்தான் நிறைந்திருந்தது.
மிளகாய் வரிசை எங்கே இருந்ததென்று
எனக்குத் தெரியும்."

கிழக்கு வரப்பு மட்டும் அப்படியே மிஞ்சியிருந்தது.
அதிலிருந்து எட்டு வைத்து நடந்தான்.
வாய்விட்டு எண்ணினான்.
முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது.
சமையலறைச் சுவரில் முழங்கால் இடித்தது.
சுவரைக் கேட்டான்: இன்னும் இரண்டு.

நூர்ஹாய்தா அடுப்பை அணைத்தாள்.
பாதி வெந்த முருங்கைக்கீரை
சட்டியில் பச்சையாகவே நின்றது.
யாரும் பேசவில்லை.
என் தொழில் எனக்குக் கற்றுத்தந்த ஒரே காரியத்தைச் செய்தேன்:
அளந்தேன்.
அவன் எண்ணியது சரி.

அடுத்த மாதம் போனபோது
அடுப்பு வெளியே, தென்னைக்கடியில் இருந்தது.
சமையலறைக் கதவு சாத்தியிருந்தது.
வாசற்படியில் கைப்பிடி மிளகாய்,
அவன் வைத்ததா அவள் வைத்ததா, கேட்கவில்லை.
சோளம் மறுபடி விதைத்திருந்தான்.
சுவர் வரைக்கும் வரிசை வந்து
ஒரு ஆள் நடக்கும் அகலம் விட்டு
வீட்டைச் சுற்றிக்கொண்டு போனது.
கோணல். வளைவு.
என் கை போட்ட எந்தக் கோட்டிலும்
அப்படியொரு எல்லை இல்லை.

படிவத்தை நிரப்பினேன்.
மனை எண்: 214.
நிலத்தின் தன்மை: இந்தக் கட்டத்தில்
வெகுநேரம் பேனா நின்றது. ஒரு மைப்பொட்டு.
ஆட்சேபணை ஏதும் உண்டா: இல்லை.
இரு தரப்பும் கையெழுத்திட்டார்கள்.
யோரிஸ் தன் பெயருக்குக் கீழே
கேட்காமலே இன்னொரு பெயரும் எழுதினான்.

தலைமை அலுவலகம் கோப்பைத் திருப்பி அனுப்பியிருக்கிறது.
இடம் பொருந்தவில்லை என்று சிவப்பு மையில்.
திருத்த எதுவும் இல்லை.
அப்படியே மறுபடி அனுப்பினேன்.